அந்தக் கள்ளன் தப்பிவிட வேண்டும்

இரவு மணி ஒன்றிருக்கும். புதுக்கோட்டையில் எங்கள் தெருவே உறங்கிவிட்டது. எங்கள் வீட்டுக் கூடத்தில் மட்டும் மூன்று பேர் விழித்திருந்தோம்: நான், விடுமுறைக்கு வந்திருந்த பேரன், ஜபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு உருட்ட மறந்துபோன என் மனைவி. தொலைக்காட்சியில், மூக்குக் கண்ணாடி அணிந்த ஒரு மெலிந்த மனிதர் பழைய கார்கள் குவிந்து கிடக்கும் கிடங்கில் தவித்துக்கொண்டிருந்தார். கூட்டாளி ஒருவன் காரில் விட்டுவைத்த தடயத்தை அழிக்க வந்திருக்கிறார். போலீஸ் வண்டிகள் நெருங்கிவிட்டன. வெளியேற வழியில்லை. ஒரு பரதேசியின் கந்தலை வாங்கி உடுத்திக்கொண்டு, குடித்துவிட்டுத் தள்ளாடுகிறவரைப்போல் நடிக்கிறார்.

"முருகா, அவன் எப்படியாவது தப்பிச்சுடணும்!" என்றாள் என் மனைவி.

பால்காரர் கால் ஆழாக்குக் குறைத்து ஊற்றினால் மூன்று நாள் அதைச் சொல்லிக் காட்டுகிற உத்தமி அவள். ஒரு நாட்டின் நாணயச் சாலையையே கொள்ளையிடத் திட்டம் போட்டவனுக்காக முருகனிடம் சிபாரிசு செய்கிறாள். பேரன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவள் வாய்விட்டுச் சொன்னதைத்தான் நானும் மனத்துக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஸ்பெயின் நாட்டில் 2017 மே மாதம் ஒளிபரப்பாகத் தொடங்கிய தொடர் அது. உலகம் 'மணி ஹைஸ்ட்' என்ற பெயரில் அதை அறியும். சிவப்பு உடையும் ஓவியர் டாலியின் முகமூடியும் அணிந்த ஒரு கூட்டம், மாட்ரிட் நகரத்து நாணயச் சாலைக்குள் புகுந்து 67 பேரைப் பிணையாக வைத்துக்கொள்கிறது. கூட்டத்தாருக்கு ஊர்ப் பெயர்கள்தாம் பெயர்கள்: டோக்கியோ, பெர்லின், நைரோபி, மாஸ்கோ. வெளியே இருந்து நூலை இழுக்கிறவர்தான் அந்தக் கண்ணாடிக்காரர். அவரைப் 'புரொபசர்' என்கிறார்கள்.

கள்ளனுக்காக நம் நெஞ்சு ஏன் அடித்துக்கொள்கிறது? ஒரு காரணம் வெளிப்படையானது. குற்றத்தை அல்ல, நேர்த்தியை நாம் ரசிக்கிறோம். காலையில் குழாய்க்காகத் தோண்டி மூடிய சாலையை மாலையில் கேபிளுக்காக இன்னொருவர் வந்து தோண்டுகிற ஊரில் வாழ்கிற நமக்கு, போட்ட திட்டம் போட்டபடியே நடப்பதைக் காண்பதே ஓர் ஆனந்தம். அது நல்ல தச்சுவேலையைக் கண்டு மகிழ்வது போன்றது. அதில் பாவம் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

இன்னொரு காரணம் அவ்வளவு வெகுளியானதன்று. கதை எழுதிப் பிழைத்தவன் என்பதால் அது எனக்குச் சட்டென்று புலப்பட்டது. பிணையாகப் பிடிபட்டவர்களில் ஒருவர் அர்த்தூரோ. நாணயச் சாலையின் தலைவர். பார்க்கப்போனால் நம் இரக்கத்துக்கு முதல் உரிமை அவருக்கே. ஆனால் எழுதியவர்கள் அவரைக் கோழையாகவும் மனைவியை ஏமாற்றுகிறவராகவும் படைத்துவிட்டார்கள். நம் இரக்கம் போகக்கூடிய பாதையில் முள்ளை வெட்டிப் போட்டுவிட்டார்கள்! பணத்துக்கும் ஒரு சமாதானம் வைத்திருக்கிறார்கள். அது யாருடைய பணமும் அல்ல, நாமே அச்சடித்துக்கொள்வது. ஐரோப்பிய மத்திய வங்கி கோடிகோடியாக உண்டாக்கி வங்கிகளுக்குத் தந்தபோது அதைத் திருட்டு என்று யாரும் சொல்லவில்லையே என்று வாதாடுகிறார் புரொபசர். கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது.

திரைக்கு வெளியே 'யாருடையதும் அல்லாத பணம்' எங்கே இருக்கிறது? 2019 அக்டோபர் 2 விடியற்காலையில் திருச்சியில் ஒரு பெரிய நகைக்கடையின் சுவரில் கன்னம் வைத்தார்கள். விலங்கு முகமூடி அணிந்து உள்ளே போய், ஏறத்தாழ 13 கோடி ரூபாய் நகைகளை அள்ளிக்கொண்டு, மோப்ப நாய்க்கு மிளகாய்ப் பொடியைத் தூவிவிட்டுப் போனார்கள். காந்தி பிறந்த நாளாகப் பார்த்து! கடைக் காமிராவில் பதிந்த காட்சியை அன்று முழுவதும் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. புதுக்கோட்டையில் நான் வழக்கமாக நிற்கும் டீக்கடையில் அன்று வேறு பேச்சே இல்லை. "என்ன மூளை பாத்தீங்களா ஐயா! சினிமாக்காரன் தோத்தான்" என்றார் கடைக்காரர். அவர் முகத்தில் இருந்தது பாராட்டுத்தான்.

அதே ஆண்டு ஜனவரியில் திருச்சிக்கு வடக்கே ஒரு வங்கிக் கிளையின் சுவரைத் துளைத்துப் பாதுகாப்புப் பெட்டகங்களை உடைத்தார்கள். பெட்டகத்தில் இருந்தவை வங்கியின் பொருள் அல்ல. யாரோ ஒருத்தி தன் மகளுக்கென்று எடுத்து வைத்தவை. வங்கியில் திருட்டுப் போனால் பெட்டகத்தின் ஆண்டு வாடகையைப்போல் 100 மடங்கு வரை வங்கி ஈடு தர வேண்டும் என்ற விதியே 2022 ஜனவரியில்தான் நடப்புக்கு வந்தது. இதெல்லாம் டீக்கடைப் பேச்சில் வராது. வந்தால் கதையின் சுவை கெட்டுவிடும்.

டீக்கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொன்னால் உங்களுக்குப் புரியும்.

என் தங்கையின் வீட்டார் காரைக்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த இரவில், ஓட்டைப் பிரித்து இறங்கிப் பதினொரு பவுன் நகையைக் கொண்டுபோய்விட்டார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஐந்து நிமிஷம் 'உச்' கொட்டினார்கள். பிறகு அண்ணாந்து ஓட்டைப் பார்த்தார்கள். எந்தப் பக்கம் ஏறியிருப்பான், எப்படி ஓசைப்படாமல் இறங்கியிருப்பான் என்று ஒருவர் சொல்ல, தம் ஊரில் நடந்த இதைவிடச் சாமர்த்தியமான திருட்டை இன்னொருவர் சொல்ல, வீடு களைகட்டிவிட்டது. தங்கை மட்டும் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

அங்கே மிகச் சிறந்த கதையைச் சொன்னவன் நான்தான். "வெளியாள் இல்லை. பீரோச் சாவி அரிசிப் பானைக்குள் இருந்தது எவனுக்குத் தெரியும்? பத்துப் பதினைந்து நாளுக்குள் இந்த வீட்டுக்குள் வந்து போனவன்தான். வேலை செய்கிற சாக்கில் நோட்டம் பார்த்திருக்கிறான். கல்யாணத் தேதியைக் காதில் வாங்கியிருக்கிறான்" என்று துப்பறியும் நாவலின் கடைசி அத்தியாயம்போல் அடுக்கிக்கொண்டே போனேன். விசாரிக்க வந்த அதிகாரியும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். யாருடைய பெயரையும் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. முந்தின வாரம் அந்த வீட்டில் மின்விசிறி மாட்டிவிட்டுப் போன பையனுக்குப் பதினெட்டு வயது. அன்று மாலையே அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் விட்டார்கள். திரும்பி வரும்போது அவனால் செருப்புப் போட முடியவில்லை.

ஐந்து மாதம் கழித்து வேறொரு மாவட்டத்தில் ஒரு கூட்டம் பிடிபட்டது. பதினொரு பவுனில் மூன்று திரும்பி வந்தது. அந்தப் பையன் அதற்குள் ஊரைவிட்டே போயிருந்தான்.

புதுக்கோட்டை மண்ணில் பிறந்து புகழ்பெற்ற பி. யு. சின்னப்பா 1942-இல் வந்த 'கண்ணகி' படத்தில் கோவலனாக நடித்தார். இந்த ஊரில் கோவலன் கதை தெரியாதவர் இல்லை. ஆனாலும் சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையை நான் கருத்தூன்றிப் படித்தது அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான். கோவலனைப் பிடிக்க வந்த காவலர்கள் அவன் முகத்தைப் பார்த்துத் தயங்குகிறார்கள். இவன் கள்ளனாகத் தோன்றவில்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் சிரிக்கிறான். கள்வருக்குத் துணையானவை எட்டு என்று மந்திரம் முதல் கருவி வரை அடுக்கிச் சொல்கிறான். பிறகு ஒரு கதை சொல்கிறான்: பகலில் தூதனாக வாயிலில் நின்று, இரவில் பெண் வேடத்தில் பள்ளியறைக்குள் புகுந்து, உறங்கிக்கொண்டிருந்த இளவரசனின் ஆரத்தைக் கவர்ந்தவன் கதை. இளவரசன் விழித்து வாளை உருவியும் அந்த மாயக் கள்ளன் அகப்படவில்லையாம். கேட்டுக்கொண்டிருந்த காவலரில் ஒருவனுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. மழைக்கால இருட்டில் உளியோடு வந்த ஒரு திருடன் தன் வாளையே பறித்துக்கொண்டு மறைந்துபோனதை அவன் சொல்கிறான். ஒரு கதை இன்னொரு கதையை ஈன்றது. என் தங்கை வீட்டுக் கூடத்தில் நடந்ததும் அதுதான். முகத்தைப் பார்த்துத் தோன்றிய தயக்கம் அந்தக் கதைகளுக்குள் எங்கேயோ கரைந்துபோயிற்று. கல்லாத காவலன் ஒருவன் வாளை ஓங்கிவிட்டான். கதை சொன்ன பொற்கொல்லனோ, சிலம்பைத் திருடியவனே!

நான் எதையும் திருடவில்லை. அந்த வேறுபாட்டைப் பல இரவுகள் நினைத்து ஆறுதல் தேடியிருக்கிறேன்.

என் மனைவியின் வேண்டுதல் பலித்தது, புரொபசர் தப்பிவிட்டார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. பேரன் அடுத்த பகுதியைப் போட்டான். நான் எழுந்து போகவில்லை, பார்த்தேன். இவ்வளவும் எழுதிவிட்டு, இனிக் கள்ளர் கதையே பார்ப்பதில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அன்று என் கண் திரையைவிட்டு அடிக்கடி சுவருக்குப் போயிற்று.

அந்தத் தொலைக்காட்சியை அங்கே மாட்டியவர் அந்தப் பையன்தான். இப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. திருப்பூரில் வெகுகாலம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பித் தனியாகக் கடை வைத்திருக்கிறார். என் மருமகள்தான் விவரம் தெரியாமல் அழைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். "நல்லா இருக்கீங்களாய்யா?" என்று கேட்டார். வேறொன்றும் பேசவில்லை. அளவெடுத்து, துளை போட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்து மாட்டினார். ஓர் இம்மி கோணல் இல்லை. உள்ளறை வழியாக ஓர் ஒயர் இழுக்க வேண்டியிருந்தது. அங்கே பீரோ இருக்கிறது. வாசற்படியிலேயே நின்று, சமையற்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அம்மா, வீட்டுக்காரங்க யாராச்சும் கொஞ்சம் கூட வந்து நில்லுங்க."

மருமகள் கை வேலையாக இருந்தாள். "பரவால்லண்ணே, நீங்க போய்ப் பாருங்க" என்றாள்.

அவர் போகவில்லை. யாராவது வரட்டும் என்று ஒயர்ச் சுருளைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். நான்தான் எழுந்து போய் அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.