சைரந்திரியின் வழி

தெய்வம் ஒரு தலத்தில் உறைகிறதா, எங்கும் நிறைந்திருக்கிறதா என்ற கேள்வி சாஸ்திரங்களுக்குப் பழையது. ஆனால் மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரை என்று நாம் அழைக்கும் வயல் நிலத்திலே இருக்கும் பழுகாமத்தில், இன்று அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பண்டிதர்கள் அல்லர். பிள்ளைகளைத் தாயிடம் ஒப்படைத்துவிட்டு, கைப்பையில் கடவுச்சீட்டோடு ஒரு பொட்டலம் திருநீற்றையும் வைத்துக்கொண்டு, திரௌபதை அம்மன் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுக் கட்டுநாயக்காவுக்குப் புறப்படுகிற பெண்களே அதைக் கேட்கிறார்கள். “நான் போகிற தேசத்தில் கோவில் இல்லையாம்; அம்மாள் அங்கேயும் வருவாவா?” என்பது அவர்கள் கேட்கும் விதம். குவைத்துக்கும் கட்டாருக்கும் சவூதிக்கும் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் வீட்டு வேலைக்குப் போகிறவளுக்கு இது தத்துவ விசாரம் அன்று. அவள் பயத்துக்கும் அவள் தைரியத்துக்கும் நடுவே நிற்கிற ஒரே கேள்வி. சைவ நூல்களைச் சிறிதேனும் படித்தவர்கள் அவளுக்கு மறுமொழி சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று நான் எண்ணுகிறேன்.

அவள் புறப்படுகிற வாசலைப்பற்றி முதலில் சொல்லவேண்டும். கொழும்புக்கு வடக்கே, நீர்கொழும்பு வாவியை அடுத்து இருக்கும் கட்டுநாயக்கா, இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரித்தானிய விமானப்படையின் தளமாக அமைந்த இடம். அப்பால் நெடுநாள் பிரயாணிகள் விமானங்கள் இரத்மலானையிலிருந்தே பறந்தன. 1947 டிசம்பரில் எயர் சிலோன் விமானம் தன் முதற் பயணத்தைக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தொடங்கியதும் அங்கிருந்துதான். அறுபதுகளில் கனடாவின் உதவியோடு கட்டுநாயக்கா விரிவுபெற்று நாட்டின் தலைவாசலாயிற்று. அதே காலத்தில், 1966-இல், உல்லாசப் பிரயாணச் சபையும் சட்டத்தினால் அமைந்தது. கடலும் மலையும் புராதன நகரங்களும் ஒரு சிறு தீவுக்குள் அடங்கியிருக்கும் அதிசயத்தைக் காணத் தூரதேசத்து மனிதர் அந்த வாசல் வழியே வரத்தொடங்கினர். 2018-இல் இலங்கைக்கு வந்தோர் தொகை 23 இலட்சத்தைத் தாண்டியது. போகிறவர்களுக்காக வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985-இல் ஏற்பட்டது. பொருளாதாரம் நிலைகுலைந்த 2022-இல் அப்படி வேலைக்குப் போனவர்கள் மூன்று இலட்சத்துக்கும் அதிகம்.

நம்முடைய மட்டக்களப்பிலும் வாவிக்கரையில் ஒரு விமான நிலையம் உண்டு. 1958-இல் தொடங்கி, 1983-இல் விமானப்படையின் கைக்குப் போய், யுத்தம் ஓய்ந்தபின் மீண்டு, இப்போது சர்வதேச விமான நிலையம் என்ற பெயரையும் அது பெற்றிருக்கிறது. ஆயினும் பழுகாமத்துப் பெண் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிகுடிக்கு வந்து, இராத்திரி பஸ்ஸில் ஏறி, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் விழித்திருந்தே பிரயாணம் செய்து, கட்டுநாயக்காவில்தான் விமானம் ஏறுகிறாள். அவள் உள்ளே போகிற அதே நேரத்தில் பாசிக்குடாவின் ஆழமற்ற, அலையற்ற கடலில் குளிக்க ஆசைப்பட்ட ஒரு குடும்பம் மற்றொரு கதவால் வெளியே வருகிறது. ஒரே கூரையின் கீழ் ஒருவர் சுகத்தை நாடி வருகிறார். மற்றவர் வயிற்றுப்பாட்டை நாடிப் போகிறார்.

இதைக் கண்டு வருகிறவரை நோவது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை. தனு (உடல்), கரணம் (மனம் முதலிய கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்ச்சி) ஆகிய நான்கையும் ஆன்மாக்கள் பக்குவம் அடைவதற்காக இறைவனே கூட்டித் தருகிறான் என்று சொல்லும் சைவசித்தாந்தம், உலக இன்பத்தை அவமதிக்கக் கற்பிக்கவில்லை. வருஷம் முழுதும் உழைத்துக் களைத்த ஒரு மனிதன் நம் கடலில் இறங்கி மனம் குளிர்வதும் புவன போகமே. வந்தவரை உபசரிப்பது நமக்குப் பரம்பரைத் தர்மம். ஆனால் வருகிறவருக்குப் பூமாலையும் முகமலர்ச்சியும் காத்திருக்க, போகிறவளுக்கு ஒரு நல்வார்த்தையும் காத்திராத தேசத்தின் அதிதி தர்மம் பாதிதான். வாசல் ஒன்றாயிருக்கையில் தர்மம் மட்டும் இரண்டாக இருக்க நியாயம் இல்லை.

இனி அவள் கேள்விக்கு வருவோம். இறைவன் சர்வவியாபி என்பதில் நம் சமயத்தில் இரண்டாம் பேச்சு இல்லை. காரைதீவில் 1892-இல் பிறந்து, துறவு பூண்டு, இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்விக் கண் திறந்து, 1947-இல் சமாதியடைந்த விபுலாநந்த அடிகள், இறைவன் விரும்புவது தோட்டத்து மலர்களை அல்ல, உள்ளமாகிய கமலத்தையே என்று பாடினார். இமயமலைச் சாரலில் மாயாவதியிலும், சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், கொழும்பிலும் பணிபுரிந்த அந்தப் பெரியார் தாம் போன இடமெல்லாம் அந்தக் கமலத்தைக் கொண்டுபோனார் என்பதை நாம் அறிவோம். அப்படியானால் குவைத்தில் ஒரு சமையலறையின் மூலையில், வீட்டார் உறங்கிய பின், பெட்டிக்குள் ஒளித்து வைத்த சிறு படத்தைத் தொட்டுக் கும்பிடுகிறவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிடலாம். சொல்வதும் உண்மையே. ஆனால் அவளை அந்த மறுமொழி ஆற்றுவதில்லை. ஏனென்றால் அவள் விரும்புவது வியாபகமான ஒரு பொருளை அன்று, தன் ஊர்த் தீக்குழியின் அருகே தன் பெயரை அறிந்து நிற்கிற அம்மாளை.

மெய்கண்ட தேவர் இந்த மனத்தை நன்கு அறிந்தவர். சிவஞானபோதத்தின் 12-ஆம் சூத்திரத்தில், ஞானம் கைவந்தவனுக்கும்கூட ஆலய வழிபாட்டை அவர் விலக்கவில்லை. அடியாரின் வேடத்தையும் ஆலயத்தையும் அரன் என்றே கண்டு தொழச் சொல்லுகிறார். பசுவின் உடல் முழுவதும் பரந்திருக்கிற பால் மடியின் வழியாகவே கன்றுக்குக் கிடைப்பதுபோல, எங்கும் நிறைந்த அருள் நமக்குத் தலத்தின் வழியாகக் கைக்கு எட்டுகிறது என்று பெரியோர் இதை விளக்குவர். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறவர்கள் விடுமுறை கேட்டுப் பெற்று, கட்டுநாயக்காவில் வந்து இறங்கி, காப்புக் கட்டித் தீ மிதித்துவிட்டுப் போவதை வீண் செலவு என்று பரிகசிக்கிற படித்தவர்களுக்கு இந்தச் சூத்திரம் போதிய மறுமொழி. எனினும் சூத்திரத்தின் மற்றப் பாதியை நாம் எளிதாக மறந்துவிடுகிறோம். ஆலயம் மட்டும் அன்று, அடியாரும் அரனே என்றால், தெய்வம் நிற்கிறது என்பதைப்போலவே தெய்வம் நடக்கிறது என்பதும் உண்மையாக வேண்டும். அடியாள் பிரயாணம் செய்யும்போது அதுவும் பிரயாணம் செய்யவேண்டும்.

பழுகாமத்தில் இதைச் சித்தாந்த நூலிலிருந்து நிறுவவேண்டிய அவசியமே இல்லை. இங்கே கொலுவிருக்கும் அம்மனின் சரித்திரமே போதும்.

திரௌபதை கோவில் சடங்கில் பாண்டவர் வனவாசம் போவதைக் கண்டு ஜனங்கள் கண்ணீர் விடுகிறார்கள்; அருச்சுனன் தவநிலைக்குத் திரள்கிறார்கள்; தீமிதிப்பன்று இடமே இல்லாமல் நெருக்குகிறார்கள். ஆனால் பன்னிரண்டு வருஷ வனவாசத்துக்குப் பின் வந்த பதின்மூன்றாம் வருஷத்தை, அஞ்ஞாதவாசத்தை, நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. என் மனத்துக்கு அந்த ஒரு வருஷமே முழுச் சரித்திரத்திலும் நமக்கு மிக நெருங்கியது. யாகத் தீயிற் பிறந்தவள், பாஞ்சாலத்து இளவரசி, இராஜசூயம் செய்த சக்கரவர்த்தியின் தேவி, பிறர் தேசமாகிய விராட நகரத்தில், சைரந்திரி என்று தன்னைச் சொல்லிக்கொண்டு, சுதேஷ்ணை என்ற அரசியின் அந்தப்புரத்தில் பணிப்பெண்ணாகச் சேர்ந்தாள். தலை வாரிவிடுவதும் சந்தனம் அரைப்பதும் மாலை தொடுப்பதும் அவள் வேலை. எச்சில் உண்ணமாட்டேன், பிறர் கால் கழுவமாட்டேன் என்று சேரும்போதே அவள் சொல்லிவைத்தாள் என்பதை, ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போகிற ஒவ்வொரு பெண்ணும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கணவர் ஐவரும் அதே நகரத்தில் இருந்தும், இன்னார் என்று சொல்லிக்கொள்ள முடியாத காரணத்தால், இல்லாதவர்களாகவே இருந்தார்கள்.

அரசியின் தம்பி கீசகன் அவள்மேல் கண் வைத்தான். அதை அறிந்த அரசியே, மது வாங்கிவரச் சொல்லும் பாவனையில், அவளை அவன் வீட்டுக்கு அனுப்பினாள். தப்பி ஓடிவந்தவளை அவன் ராஜசபையில் எல்லோர் கண்ணெதிரிலும் உதைத்தான். சபை தடுக்கவில்லை. கங்கன் என்ற பெயரில் அங்கே வீற்றிருந்த தருமபுத்திரர், சூதாட்டத்துக்கு இடையூறு செய்யாமல் உள்ளே போ என்று சொல்லவேண்டி வந்ததை வியாசர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த இராத்திரி அவள் வீமனிடம் போய் அழுதாள், கீசகன் மாண்டான். பின்னரும் அரசி அவளை வெளியேறச் சொன்னபோது, இன்னும் பதின்மூன்று நாள் பொறுத்துக்கொள் என்று கேட்டு, தவணையை முழுதும் முடித்துவிட்டே அவள் வெளிப்பட்டாள். இந்தக் கதையில் எந்தப் பகுதி இன்றைக்குப் பொருந்தவில்லை என்று சொல்லமுடியுமா? பெயரை மறைத்து வாழ்தல், அந்நியர் வீட்டு வேலை, எஜமானியே துணைபோகிற கொடுமை, தவணை முடியுமட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இருத்தல் ஆகிய இத்தனையும் நாம் தேங்காய் உடைத்துக் கும்பிடுகிற தெய்வத்துக்கு நேர்ந்தவை.

ஆகையால் “அம்மாள் அங்கேயும் வருவாவா?” என்று கேட்கிற மகளுக்கு நான் சொல்லக்கூடியது இது: அம்மாள் உனக்கு முன்பே அந்த வழியால் போனவள். அந்நிய வீட்டின் அடுப்படி அவளுக்குப் புதிய இடம் அன்று. கோவிலில் நீ விட்டுவந்தது அவளை முகங்கொண்டு காணும் பாக்கியத்தை மட்டுமே. அவளை நீ விட்டுவரவில்லை.

இப்படிச் சொல்லும்போது மனம் மூதூர்ப் பிள்ளை ரிசானா நபீக்கை எண்ணாமல் இருக்கமுடியவில்லை. நமக்கு வடக்கே, திருகோணமலை மாவட்டத்தில் ஏழை முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, கடவுச்சீட்டில் வயது கூட்டி எழுதப்பட்டு, 2005-இல் சவூதி அரேபியாவுக்கு வேலைக்குப் போன அந்தச் சிறுமியின் பொறுப்பில் விடப்பட்ட கைக்குழந்தை இறந்தது. பால் கொடுக்கையில் புரைக்கேறிவிட்டது என்று அவள் சொன்னது ஏற்கப்படாமல், 2013 ஜனவரி 9-ஆம் தேதி அவளுக்குச் சிரச்சேதம் நிறைவேறிற்று. அவளுக்கு வீமன் இல்லை. தெய்வம் கூடவே போகிறது என்று சொன்னவன் இதற்கு என்ன சொல்வான் என்று கேட்டால், அருள் துன்பத்தை எப்போதும் தடுத்துவிடும் என்று நம் ஆகமங்களும் சொல்லவில்லை, பாரதமும் சொல்லவில்லை என்பதே என் பதில். சபையில் உதைபட்டபோதும் திரௌபதை தெய்வம்தான். துன்பத்தைத் தடுக்கும் கடமையோ, பார்த்துக்கொண்டிருந்த சபைக்கு உரியது.

அந்தச் சபை தூரதேசத்தில் மட்டும் இல்லை. தவணை முடிந்து, ஒரு பெட்டியும் சிறிது காசும் உள்ளே நிறையக் களைப்புமாகத் திரும்பி வருகிறவளைப்பற்றி, போன இடத்தில் என்ன நடந்ததோ என்று குளத்தங்கரையிலும் கடைத்தெருவிலும் பேசுகிறவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவள் அனுப்பிய காசில் வீட்டுக்கு ஓடு போட்டவர்களும், கோவில் திருப்பணிக்கு அவள் பெயரால் இரசீது எழுதியவர்களும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். தீமிதிப்பைக்கூட அவளுடைய சுத்தத்துக்கு ஒரு பரீட்சையாகச் சிலர் பார்க்கிறார்கள். இது பெரும் அபசாரம். கீசகன் செய்த பிழைக்குத் திரௌபதையிடம் நாம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. தீயிற் பிறந்தவளுக்குத் தீயால் நிரூபிக்கவேண்டியது ஒன்றும் இல்லை. அவள் மக்களும் நிரூபிப்பதற்காகத் தீயில் இறங்குவதில்லை. பிழைத்து வந்தோம் என்று சொல்வதற்காக இறங்குகிறார்கள். வைத்த நேர்த்தியை நிறைவேற்றும் அந்தச் செயலைத் தெய்வத்தோடு செய்த வியாபாரம் என்று சொல்கிற புத்திமான்களுக்கும் இதுவே என் விடை: வியாபாரத்தில் காரியம் முடிந்தபின் ஒருவரை ஒருவர் தேடுவதில்லை, இவர்கள் காரியம் முடிந்த பின்தான் தேடி வருகிறார்கள்.

கோவில்களைப் பரிபாலிக்கிற வண்ணக்கர்மாருக்கும் பூசகர்மாருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. வனவாசம் போகிற தினத்தில், சுவாமி புறப்படுமுன், இவ்வூரிலிருந்து கடல் கடந்து வேலைக்குப் போயிருக்கிற ஒவ்வொருவருடைய பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி ஓர் அர்ச்சனை செய்யுங்கள். காசு கட்டிய இரசீது உள்ளவர்களுக்கு மாத்திரம் அன்று, எல்லோருக்கும். பாரதம் படிக்கிறவர்கள் விராட பர்வத்தை ஓட்டமாகப் படித்து முடிக்காமல், பணிப்பெண்ணாயிருந்த அம்மனின் கதையை நிறுத்தி, பொருள் சொல்லிப் படியுங்கள். கடல் கடந்து போனவர்கள் விட்டுப்போன பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா, இராத்திரி சாப்பிட்டார்களா என்று கோவிற் சபையில் ஒருவர் வாரந்தோறும் போய் விசாரித்து வரட்டும். இதற்குப் புதிய ஆகமம் ஒன்றும் வேண்டியதில்லை. வருகிற சடங்கிலேயே தொடங்கலாம்.