பாத்திரத்தின் கணக்கு

ராஜபாளையத்தில் இருக்கும் என் மருமான் சில வருஷங்கள் ஜெர்மனியில் வேலை பார்த்தவன். அங்கே வீட்டில் பீர் காய்ச்சுவது ஒரு பொழுதுபோக்கு. இவனும் கற்றுக்கொண்டான். ஊர் திரும்பியதும் அதை விட்டுவிட்டான். 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்றும் நம் மாகாணத்தில் உயிரோடுதான் இருக்கிறது. சர்க்கார் கடை வைத்து விற்கலாம். நீங்களும் நானும் கொல்லையில் காய்ச்சக் கூடாது. அந்த விவகாரம் இப்போது வேண்டாம்.

அவன் விடாமல் கொண்டுவந்தது ஒரு கணக்கு. பீர் காய்ச்சுகிறவர்களுக்கென்றே 'பீர்ஸ்மித்' போன்ற கம்ப்யூட்டர் மென்பொருள்கள் உண்டு. அவை வழி சொல்வதற்கு முன் நம்மை விசாரிக்கும். உன் பாத்திரத்தில் மணிக்கு எவ்வளவு தண்ணீர் ஆவியாகும்? அடியில் எவ்வளவு தங்கிப்போகும்? இவற்றை ஒழுங்காக எழுதினால்தான் ஊரார் பக்குவம் நம் அடுப்புக்கு ஒத்துவரும்.

பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அதன் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பையன் அதை வீட்டில் கிளற ஆசைப்பட்டான். ஐந்து லிட்டர் பசும்பால். அதில் ஏறக்குறைய நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். கெட்டிப்பட வேண்டுமானால் சுமார் நாலு லிட்டர் தண்ணீர் போயாக வேண்டும். கடைக்காரர்களின் அகன்ற சட்டியில், பெரிய அடுப்பில், அது சீக்கிரம் போய்விடும். இவனுடைய பாத்திரமோ வாய் குறுகியது. வெறும் தண்ணீரை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டுக் குச்சியால் அளந்து பார்த்தான். ஒன்றரை லிட்டர்தான் குறைந்திருந்தது. ஆகவே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும். பாலை இரட்டிப்பாக ஊற்றினாலும் மணிக்குப் போவது அதே ஒன்றரைதான். அதைத் தீர்மானிப்பது வாயின் அகலமும் நெருப்பும்.

இது எனக்கு மிகவும் பிடித்தது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க்கைக் கொண்டு தன் பிள்ளையை அடிக்கிற தகப்பனிடம் யாராவது இந்தக் குச்சியைக் கொடுத்தால் தேவலை. வாய் குறுகலாயிருப்பது பாத்திரத்தின் குற்றமா?

ஆனால் சங்கடம் பிறகு வந்தது. முதல் தடவை அடி பிடித்து இருநூறு கிராம் கருகிப்போயிற்று. அவன் நிதானமாகக் கம்ப்யூட்டரில், 'பாத்திரத்தில் தங்கும் நஷ்டம்: 200 கிராம்' என்று பதிந்தான்.

"ஏண்டா, நீ டெலிபோனில் பேசிக்கொண்டே கிளறினாயே, அது எந்தக் கட்டத்தில் வரும்?" என்றேன்.

"மாமா, எதனால் என்று அது கேட்பதில்லை. எவ்வளவு என்றுதான் கேட்கிறது. உள்ளதை எழுதினால் கணக்கு சரியாக வரும்."

வாஸ்தவம். கணக்கு சரியாகத்தான் வரும். மறுமுறையும் இருநூறு கிராம் கருகும். எதிர்பார்த்ததுதான் என்று மனம் அமைதியாக இருக்கும். எனக்குப் பயமே அந்த அமைதியைப் பற்றித்தான். "என் சுபாவம் அப்படி" என்று சொல்லிக்கொண்டு எத்தனை பேர் வீட்டில் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறோம்! தன்னை அறிவது பெரிய காரியந்தான். ஆனால் இயல்பையும் அசிரத்தையையும் ஒரே கட்டத்தில் எழுதிவிட்டால், பிற்பாடு எது எதுவென்று பிரிக்க முடிவதில்லை. நானும் அப்படிச் சில கட்டங்களை நிரப்பி வைத்திருக்கிறவன்தான். கேள்வி கேட்ட வேகம் எனக்கே கொஞ்சம் சுட்டது.

பையன் பதில் பேசவில்லை. இருநூறை அழித்துப் பூஜ்யம் போட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டெலிபோனை என்னிடம் கொடுத்துவிட்டு, கரண்டியைக் கீழே வைக்காமல் கிளறினான். அப்படியும் அடியில் ஐம்பது கிராம் ஒட்டியிருந்தது. என் சகோதரி அதைச் சுரண்டி ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தாள். அந்த ஐம்பது பாத்திரத்துடையதா, அவனுடையதா என்று எங்களுக்குள் இன்னும் தீரவில்லை.