சின்ன கியர்

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவதிலேயே என் வலது முழங்கால் மக்கர் செய்தது. பின்சக்கரத்தில் இன்னும் இரண்டு பெரிய பல்சக்கரங்கள் மிச்சமிருந்தன. நான்தான் மாற்றவில்லை. "கியரைக் குறைடா, அதுக்குத்தான வச்சிருக்கான்" என்றபடி நண்பன் தாண்டிப் போனான். குறைத்தால் தோற்றுவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

இந்த வீம்புக்கு வயது அதிகம். 1903-இல் டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்ச், கியர் மாற்றுவதெல்லாம் வயதானவர்களுக்கு என்று நினைத்தவர். அந்தப் பந்தயத்தில் அணி வீரர்கள் டீரெய்லர் பயன்படுத்த 1937-இல்தான் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பு மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினார்கள்.

கணக்கு வேறு மாதிரி பேசுகிறது. ஒரே வேகத்தில் ஏற, நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலும் 90 சுற்று மிதித்தாலும் சக்கரத்துக்குப் போகவேண்டிய திறன் ஒன்றுதான். ஆனால் 90-இல் ஒவ்வொரு மிதிக்கும் தேவையான விசை மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அதுவும் சும்மா கிடைப்பதில்லை, மூச்சு கூடுதலாக வாங்கும். மலை ஒரு அடிகூடக் குறைவதில்லை. சுமையை எங்கே தாங்குவது என்பது மட்டும்தான் நம் கையில்.

அப்படியென்றால் சுலபமானதைத் தேர்ந்தெடுப்பதில் ஏன் இத்தனை கூச்சம்?

அப்பா கியரே இல்லாத சைக்கிளில் இருபது வருஷம் வேலைக்குப் போனவர். இன்று மாடிப்படி ஏறக் கைப்பிடி வேண்டும் அவருக்கு. அவருக்கு வேறு வழி இல்லை. அந்த வழியில்லாமையைத்தான் நான் ஒழுக்கம் என்று எடுத்துக்கொண்டு வளர்ந்திருக்கிறேன். கஷ்டப்பட்டால்தானே பலம் வரும் என்று கேட்கலாம். வரும். ஆனால் பயிற்சிக்காக நானே ஏற்றிக்கொள்ளும் பாரம் வேறு, அதை வைத்து இன்னொருவரை எடைபோடுவது வேறு.

போன வருஷம் என் டீமில் ஒரு தம்பி, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ரிலீஸை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாமா என்று கேட்டான். பிரித்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. "நாங்கல்லாம் ராப்பகலா பார்த்தவங்கப்பா" என்றேன். ராப்பகலாகப் பார்த்து முடித்தான். அடுத்த மாதமே வேலையை விட்டான்.

எட்டாவது வளைவில் கியரைக் குறைத்தேன். கால்கள் வேகமாகச் சுழன்றன, சைக்கிள் மெதுவாக ஏறியது. இருபதையும் தாண்டிவிட்டேன். மேலே டீக்கடையில் உட்கார்ந்து அந்தத் தம்பிக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு மெசேஜ் போட்டேன். படித்துவிட்டான். பதில் இன்னும் வரவில்லை.