அவளிடம் சொல்லலாமா?



ஒரு வீட்டை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். நம் பங்கில் எந்தத் தெருவிலும் இருக்கக்கூடிய வீடுதான். அங்கே இருபத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி. பால் மறந்து சில மாதமே ஆன குழந்தை ஒன்று. மார்பில் ஒரு கட்டி தென்பட்டது. வலியில்லாததால் பால்கட்டிதான் என்று நாள் கடத்தினார்கள். பிறகு ஆஸ்பத்திரியில் ஊசியால் சதை எடுத்துச் சோதித்தார்கள். அறிக்கையை வாங்கி வந்த தகப்பனார் அதை அலமாரியில் வேஷ்டிகளுக்கடியில் வைத்துப் பூட்டினார். தாயார் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "ஒன்றுமில்லையம்மா, சாதாரணக் கட்டிதான். எடுத்துவிட்டால் சரியாய்ப் போகும்" என்றாள். கணவனும் தலையை ஆட்டினான்.

மூவரும் அவளை உயிராய் நேசிக்கிறவர்கள். மூவரும் அவளிடம் பொய் சொன்னார்கள். இது அன்பின் செயலா?

அவர்களைக் கேட்டால், "தெரிந்தால் மனம் உடைந்துபோவாளே" என்பார்கள். இதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. இந்த வழக்கம் பயத்திலிருந்து பிறந்தது. அந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் காரணமும் இருந்தது. தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளோடு தொடங்கியபோது, அந்நோயின் பெயரே மரண ஓலையாகக் கருதப்பட்டது. இன்றோ நிலைமை வேறு. அறுவை, மருந்தேற்றுதல், கதிர்வீச்சு, மாத்திரைகள் என்று சிகிச்சை பலவாறு வளர்ந்திருக்கிறது. தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கப்பட்ட பெண்களில் பெரும்பாலோர் பிழைத்து, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்குகிறார்கள். காலம் மாறிய பின்பும் பழைய பூட்டை நாம் திறக்கவில்லை.

மறைப்பதிலுள்ள கேடுகளை எண்ணிப் பாருங்கள்.

முதலாவது, இது மறைக்கக்கூடிய காரியமே அல்ல. ஆஸ்பத்திரி வாசலில் எழுதியிருக்கும் பெயரைப் படிக்கத் தெரியாதவளா அவள்? பலருக்கு முதல் முறை மருந்தேற்றிய இரண்டு மூன்று வாரத்தில் தலைமயிர் சீப்போடு வந்துவிடுகிறது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவள் ஒரே கேள்வியில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். தாயின் வாயிலிருந்து வரவேண்டிய செய்தி அந்நியர் வாயிலிருந்து வரும்.

இரண்டாவது, தீர்மானிக்க வேண்டியவள் அவள். கட்டியை மட்டும் எடுப்பதா, மார்பையே எடுப்பதா என்று வைத்தியர் சில வேளைகளில் கேட்பார். சில மருந்துகள் பின்னால் பிள்ளைப்பேற்றைப் பாதிக்கக்கூடும். அதைப் பற்றி மருந்து தொடங்குமுன்பே பேசியாக வேண்டும். சரீரம் அவளுடையது. முப்பத்தெட்டு ஆண்டு நோயாய்க் கிடந்தவனைக் குணப்படுத்துமுன் ஆண்டவரே அவன் விருப்பத்தைக் கேட்டாரல்லவா? நாம் கேளாதிருக்க நமக்கு என்ன உரிமை?

மூன்றாவது கேடுதான் பெரியது. உண்மை தெரிந்த பிறகு, பெற்றோர் வருந்துவார்களே என்று அவளும் தெரியாதவள்போல் நடிக்கத் தொடங்குவாள். தாய் சமையற்கட்டில் அழுவாள். தகப்பனார் கொல்லையில் அழுவார். கணவன் பஸ் நிலையத்தில் அழுவான். அவள் தலையணையில் முகம் புதைத்து அழுவாள். நான்கு பேர் ஒரே வீட்டில் தனித்தனியே அழுவதற்குப் பெயர் ஆறுதலா?

அப்படியானால் ஊருக்கெல்லாம் சொல்லிவிட வேண்டுமோ? இல்லை. அவளிடமிருந்து மறைப்பது வேறு, அவள் கேட்டுக்கொண்டதற்காக மறைப்பது வேறு. முன்னது அவளுடைய பொருளை எடுத்துக்கொள்வது. பின்னது அவள் ஒப்படைத்த பொருளைக் காப்பது. யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதை அவளே முடிவு செய்யட்டும். ஆனால் வெட்கத்தினால் மறைக்க வேண்டாம். இது தொற்று நோயல்ல. எவருடைய பாவத்துக்கும் தண்டனையல்ல. பெரும்பாலோருக்குப் பரம்பரையாய் வருவதுமல்ல. சில குடும்பங்களில் மட்டும் தாய்வழியாகவோ தந்தைவழியாகவோ வரக்கூடும். அப்படியிருந்தால் அக்காள் தங்கைமார் அறிந்து சோதித்துக்கொள்வது அவர்கள் உயிருக்கே காவல்.

எப்படிச் சொல்வது? எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டியதில்லை. வைத்தியர் முன்னிலையில், அவள் நம்பும் ஒருவர் பக்கத்திலிருக்க, அவள் கேட்கும் அளவுக்குச் சொல்லுங்கள். "இன்றைக்கு இவ்வளவு போதும்" என்றால் நிறுத்துங்கள். சொல்வது குறைவாயிருக்கலாம், பொய்யாயிருக்கக் கூடாது. "கட்டாயம் குணமாகும்" என்று நம் கையில் இல்லாததை வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். "நாங்கள் உன்னோடு வருவோம்" என்பது நம் கையில் இருக்கிறது, அதைச் சொல்லுங்கள்.

சொன்னபின் செய்யுங்கள். மருந்தேற்றிய நாட்களில் தாளிக்கும் வாசனையே அவளுக்குக் குமட்டலாம். அண்டை வீட்டார் மிதமான கஞ்சியோ இட்லியோ கொண்டுவரலாம். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் பார்க்கப் போகாதிருப்பதே பெரிய உதவி. மருந்தேற்றும் காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் 100.4 பாகையைத் தொட்டால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். கதிர்வீச்சுக்குப் பல வாரம் நாள்தோறும் போய்வர வேண்டியிருக்கும். துணைக்கு ஒரு நாள் நீங்கள், ஒரு நாள் நான் என்று முறை வைத்துக்கொள்ளலாம். குழந்தையை மாலையில் ஒரு மணி நேரம் தூக்கிப்போய் விளையாட வைத்தால் அவள் கண்ணயர்வாள். அறுவைக்குப் பின் அவள் கண்ணாடியைப் பார்க்கத் தயங்கும் நாளில், கணவன் பார்வையை விலக்காதிருப்பது எந்த மருந்துச் சீட்டிலும் எழுதப்படாத மருந்து.

உண்மையைக் கேட்ட அன்று அவள் அழுவாள். அழட்டும். மனம் உடைவது வேறு, அழுவது வேறு. அவளைத் தனியே அழவிடாதிருப்பதுதான் நம் கடமை.

வாசகரே, அப்படியொரு அலமாரி உங்கள் வீட்டிலும் பூட்டிக் கிடந்தால், இன்றே அதைத் திறந்து அறிக்கையை அவள் கையில் கொடுங்கள். கொடுத்துவிட்டு எழுந்து போகாமல், பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.