நான்கு மணி நேரமும் ஒரு வாரமும்

கோலாலம்பூரில் காலை எட்டு மணிக்கு விமானம் ஏறும் பக்தர், ஏறத்தாழ 2,700 கி.மீ. கடந்து திருச்சியில் இறங்கும்போது இந்தியக் கடிகாரம் ஒன்பதரை காட்டும். பறந்தது நான்கு மணி நேரம். அதில் இரண்டரை மணியை இரு நாட்டுக் கடிகாரங்களின் வித்தியாசம் விழுங்கிவிடுகிறது. கார் பிடித்தால் பிற்பகலுக்குள் பழனி அடிவாரம். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகக் காவடியோடு நடக்கும் நகரத்தாருக்கோ சுமார் 150 கி.மீ. கடக்க ஒரு வாரம் ஆகிறது. காணப்போவது ஒரே தண்டாயுதபாணியைத்தான். இருவர் யாத்திரையும் ஒன்றுதானா?

தூரம்தான் புண்ணியத்துக்கு அளவு என்றால் மலேசியக்காரர் சுலபமாக ஜெயித்துவிடுவார். பழனிக்கு மேற்கே சில கிலோமீட்டரில் இருக்கும் நெய்க்காரப்பட்டிக்காரர் கடைசியில் நிற்பார். பக்கத்து ஊரில் பிறந்தது பக்திக்குக் குறை என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. வேகத்தை அளவாக வைக்கவோ தலபுராணமே இடம் கொடுக்காது. ஞானப்பழத்துக்காக மயிலேறி உலகைச் சுற்றியவர் முருகன். அம்மையப்பரை வலம்வந்து பழத்தை வாங்கிக்கொண்டவர் பிள்ளையார். தூரமும் வேகமும் ஒருசேரத் தோற்ற கதை அது. அதைக் காட்டி, மனத்தால் வலம்வந்தால் போதும், பயணமே வேண்டாம் என்பவர்கள் பாதிக் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். தோற்றுக் கோபித்துக்கொண்டு வந்தவர் நின்ற மலைக்குத்தானே இத்தனை கூட்டம்!

யாத்திரையில் கணக்கில் சேர்வது அதற்காக விட்டுக்கொடுத்த நாட்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. நடப்பவர் இல்லாமலே அந்த ஒரு வாரம் அவர் கடை திறக்கும், வயலுக்குத் தண்ணீர் பாயும், வீட்டுச் சண்டைகள் தீரும் அல்லது முற்றும். அடுத்த வேளைச் சோற்றுக்கு அன்னதானப் பந்தலை நம்பியிருக்கிறார். கொப்புளம் கண்ட காலை முன்பின் தெரியாதவரிடம் நீட்டுகிறார். தன்னை விட்டால் எதுவும் நடக்காது என்ற நினைப்பு கழல அத்தனை நாள் பிடிக்கிறது. விமானப் பயணியின் தேவைகள் எல்லாம் கட்டணத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அவர் யாருக்கும் கடன்படுவதில்லை.

நடக்க முடியாதவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 693 படி ஏற இயலாதவர்களுக்காகத்தான் விஞ்சும், 2004 முதல் ரோப் காரும் இருக்கின்றன. மூட்டுவலியோடு அதில் உட்கார்ந்திருப்பவரை நடந்து வந்தவர் ஏளனமாகப் பார்த்தால், அவர் நடந்த ஒரு வாரமும் வீண். மலேசியத் தொழிலாளியின் நான்கு மணி நேரத்துக்குப் பின்னாலும் பல மாதச் சேமிப்பும், கெஞ்சி வாங்கிய விடுப்பும் இருக்கக்கூடும். அவர் தன் நாட்களை முன்கூட்டியே கொடுத்துவிட்டார். விமானம் அதைக் குறைத்துவிடாது. மாறாக, வழியெல்லாம் செல்போனில் வியாபாரம் பேசிக்கொண்டே நடப்பவர் எதை விட்டுக்கொடுத்தார்? கடவுள் உள்ளே இருக்க வெளியே அலைவதேன் என்று சித்தர் மரபு கேட்பதும் சரிதான். ஆனால் பாதயாத்திரைக்குக் கடவுள் தொலைவில் இருக்க வேண்டிய அவசியமில்லை. நடப்பவர் தன் அன்றாடத்திலிருந்து விலகினால் போதும். அப்படிப் பார்த்தால் சிக்கல் நெய்க்காரப்பட்டிக்காரருக்குத்தான் அதிகம். டிக்கெட் தேதி, விடுப்புக் கணக்கு எதுவும் அவரை நெருக்குவதில்லை. இந்தக் கிருத்திகை இல்லாவிட்டால் அடுத்த கிருத்திகை என்று அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கலாம்.