கடைசி மாத வாடகை

ஆடியில் நாம் வீடு மாறுவதில்லை. மார்கழியிலும் மாறுவதில்லை. புது வீட்டில் பால் காய்ச்ச ஆவணியோ தையோ பிறக்க வேண்டும். வாடகை மட்டும் ஆங்கில மாதக் கணக்கில் ஓடுகிறது. ஆவணி பிறப்பது ஆகஸ்ட் 17 வாக்கில். தை பிறப்பது ஜனவரி நடுவில். அதனால் வீடு காலி செய்கிற பலருக்கும் மாதம் பாதியில் முறிகிறது. 20ஆம் தேதி சாவியைக் கொடுக்க வரும்போது, "மாசம் பிறந்தாச்சே தம்பி, முழு வாடகை வாங்குறதுதான் வழக்கம்" என்கிறார் வீட்டுக்காரர். "இருபது நாள்தானே சார் இருந்தோம்" என்கிறார் குடியிருந்தவர். கீழே வண்டியில் பீரோ ஏறிக்கொண்டிருக்கிறது. பண்டிகைக்குப் பண்டிகை பலகாரம் கொடுத்து வாங்கிய இரண்டு குடும்பங்கள் சில ஆயிரம் ரூபாய்க்காக முகம் கொடுத்துப் பேசாமல் பிரிகின்றன. இது எனக்குத் தாங்கவே முடியாத விஷயம்.

வாடகை வீடுகளில் வளர்ந்தவன் நான். இப்போது மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் எனக்குத் தெளிவான ஒன்று: சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் பொறுப்புதான் அந்த நாளின் வாடகை. சாமானெல்லாம் போய்விட்டது, பழைய கட்டில் ஒன்று மட்டும் உள்ளே பூட்டிக் கிடக்கிறது என்றால் வாடகை ஓடத்தான் செய்யும். 20ஆம் தேதி சாவியை வாங்கி, 21ஆம் தேதி பெயின்டரை உள்ளே விட்டுவிட்டு, 31 வரை வாடகை கேட்பது முறையில்லை. ஒரு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்து, சொல்லாமல் கிளம்பினால் அந்த ஒரு மாதத்துக்குக் கொடுக்க வேண்டியதுதான். அப்போதும், இடையில் புதுக் குடித்தனம் வந்துவிட்டால் ஒரே நாளுக்கு இரண்டு பேரிடம் வாங்கக் கூடாது.

சரி, ஒரு நாள் வாடகை எவ்வளவு? மாதம் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முப்பதால் வகுத்தால் நாளுக்கு 600. இருபது நாளுக்கு 12,000. ஆகஸ்டுக்கு உரிய 31ஆல் வகுத்தால் இருபது நாளுக்கு 11,613. வருட வாடகையை 365ஆல் வகுத்தால் 11,836. நான் அந்தந்த மாதத்தின் நாட்களால்தான் வகுப்பேன். முப்பதால் வகுக்கிறவரிடம் ஒருவர் 31ஆம் தேதி காலி செய்தால் 18,600 என்று கணக்கு வரும். முழு மாத வாடகையை விட 600 அதிகம். அப்படி ஒரு விடை வருகிற வழி சரியான வழியாக இருக்க முடியாது. பிப்ரவரியில் 28ஆல் வகுக்கும்போது நாள் வாடகை 643 ஆகிறது. அதைக் குடியிருப்பவர் முணுமுணுக்காமல் ஏற்க வேண்டும்.

நாள் கணக்கு சட்டத்துக்குப் புதிதும் இல்லை. வாடகைக்கு விட்ட வீடு மாத நடுவில் கைமாறினால், விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே வாடகை நாளுக்கு நாள் சேர்வதாகக் கருதிப் பிரிக்கச் சொல்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 36ஆம் பிரிவு. இரண்டு உரிமையாளர்களுக்கு நியாயமான கணக்கு, குடியிருந்தவருக்கு மட்டும் ஏன் கசக்க வேண்டும்?

கரண்ட் பில்லில் சிக்கல் இன்னும் கொஞ்சம் கூடுதல். தமிழ்நாட்டில் வீட்டு மீட்டரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள். குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம். அதற்கு மேல் ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். நடுவில் காலி செய்கிறவரிடம் உச்ச விலையைப் போட்டுப் பெருக்குகிறவர்கள் உண்டு. இலவச யூனிட்டில் அவருக்கும் பங்கு உண்டு என்பது அந்தக் கணக்கில் காணாமல் போகிறது. சாவி கொடுக்கிற அன்று இரண்டு பேரும் மீட்டர் முன்னால் நின்று எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளட்டும். போன பில் தொகையை அதன் யூனிட்டால் வகுத்தால் சராசரி விலை கிடைக்கும். அதைப் போட்டு அன்றைக்கே முடித்துவிடலாம்.

பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது சென்னையில் எழுதாத சட்டம் போல ஆகிவிட்டது. எழுதிய சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணை, வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னல்களுக்கு வர்ணம் பூசுவதையும் வீட்டுக்காரர் பொறுப்பில் வைக்கிறது. குழாய், சுவிட்ச் பழுதுகளைக் குடியிருப்பவர் பொறுப்பில் வைக்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அது தனி. ஐந்து வருடம் ஒரு குடும்பம் வாழ்ந்த சுவர் மங்கத்தான் செய்யும். பீரோ நின்ற இடம் வெளுத்தும், அடுப்புக்கு மேலே எண்ணெய்ப் பிசுக்கு படிந்தும் இருக்கும். அது வாழ்ந்ததன் அடையாளம். அதற்குத்தான் மாதாமாதம் வாடகை வாங்கினோம். உடைந்த வாஷ்பேசின் அப்படியில்லை, அதற்குப் பணம் கேட்கலாம்.

குடியிருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க சார்" என்று சொல்லிக் கடைசி மூன்று மாதம் வாடகையே கொடுக்காமல் இருப்பது சரியில்லை. அந்த வாடகையில்தான் கீழ்வீட்டுப் பெரியவர் மாத்திரை வாங்குகிறார் என்று உங்களுக்குத் தெரியும். அட்வான்ஸ் கரைந்த பிறகு உடைந்ததற்கு யாரிடம் கேட்பது?

இதையெல்லாம் ஒப்பந்தம் எழுதும் அன்றே நாலு வரியில் எழுதிவிடலாம். ஆதாயம் யார் பக்கம் சாயும் என்று அன்றைக்கு இருவருக்குமே தெரியாது.

அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கச் சட்டம் ஒரு மாத அவகாசம் தருகிறது. காலி செய்கிறவர் அந்தப் பணத்தை நம்பித்தான் புது வீட்டுக்கு அட்வான்ஸ் பேசியிருப்பார். வீட்டுக்காரர்களே, கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டி, மிச்சத்தைச் சாவி வாங்கும்போதே கொடுத்துவிடுங்கள்.