அபயமும் அதன் பிறகும்

அண்டை நாட்டில் யுத்தம் மூளும் என்ற அச்சம் எழும்போது, தப்பி வரக்கூடிய மக்களுக்காகத் தங்குமிடத்தையும் உணவையும் மருத்துவரையும் எல்லையில் ஓர் அரசு ஆயத்தம் செய்து வைப்பது விவேகமும் கருணையும் கலந்த காரியம். 2022 பிப்ரவரியில் உக்ரைனில் குண்டு விழுமுன்பே போலந்து நாடு இதைத் தொடங்கியிருந்தது. நமக்கும் இந்தக் கடமை புதிதன்று. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்த நாள் முதலாக, பாக் நீரிணையைப் படகில் கடந்து நம் கரைக்கு வந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். அவர்களுக்கு நம் கரை மறுக்கப்படவில்லை என்பதில் நாம் நிறைவு கொள்ளலாம். ஆயினும், கரையில் ஏற்றுக்கொண்டதோடு அபயம் கொடுத்தவனுடைய தர்மம் பூர்த்தியாகிவிடுகிறதா என்ற கேள்வி, அந்த நிறைவுக்குப் பின்னும் நம்மை விடாமல் நிற்கிறது.

சரணாகதி என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருபவன் விபீஷணன். இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே, 1964-ஆம் ஆண்டுப் புயலிலும் அழியாமல் நின்ற கோதண்டராமர் கோயில்தான் அவன் சரணடைந்த இடம் என்பது ஐதீகம். அகதிப் படகுகள் வந்து ஒதுங்குவதும் அதே மணற்பரப்பில்தான். பகைவனின் தம்பியை நம்பலாகாது, இவன் ஒற்றனாக இருக்கக்கூடும் என்று சுக்கிரீவன் தடுத்தான். அனுமன் பரிந்து பேசினான். வந்தவனின் குணதோஷங்களை எடைபோடாமல், அடைந்தவரைக் காப்பது தன் விரதம் என்று இராமன் தீர்த்துவைத்தான். வேதாந்த தேசிகர் ‘அபயப்ரதான ஸாரம்’ என்று ஒரு நூலே இதைப் பற்றி இயற்றினார். எனினும் அந்த விவாதம் முழுவதும் ஏற்கலாமா என்பதைப் பற்றியது. ஏற்றபின் என்ன செய்வது என்ற சிக்கல் அங்கே எழவே இல்லை, ஏனெனில் வந்தவனுக்கு அந்தக் கடற்கரையிலேயே இலங்கையின் முடியைச் சூட்டியாயிற்று. முடிக்கு உரியவர் அல்லாதவர், இலங்கையின் இரகசியம் எதையும் அறியாதவர், கைக்குழந்தையும் ஒரு துணிமூட்டையும் மட்டுமே கொண்டு வந்து இறங்குபவர்—இவர்களைப் பற்றி யோசிக்க நமக்கு வேறொரு கதை வேண்டியிருக்கிறது.

அந்தக் கதை மதுரையில் இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், மதுரை மதிலுக்கு வெளியே, கவுந்தியடிகள் என்ற சமணத் துறவி கண்ணகியை மாதரி என்ற இடைக்குல மூதாட்டியிடம் ஒப்படைக்கிறார். மாதரிக்குப் படையில்லை, செல்வமில்லை. வந்தவர்கள் எந்தக் குலத்தார், எத்தனை நாள் தங்குவார்கள், இவர்களால் தனக்கு என்ன நேரும் என்றெல்லாம் ஆராயாமல், தன் மனையில் இடம் கொடுத்து, சமையலுக்கு வேண்டியவற்றையும் தந்து, மகள் ஐயையைக் கண்ணகிக்குத் துணையாக வைக்கிறாள். பின்பு கண்ணகியின் கணவன் கோவலன் கொலையுண்டது அவளுடைய குற்றமன்று, அரசனுடைய குற்றம். என்றாலும், தன்னிடம் அடைக்கலமாக வந்தவர்களைக் காக்க முடியாமற்போன துயரத்தில் மாதரி தீப்புகுந்தாள். கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டார். உயிர்விடுவதை நான் ஒருபோதும் ஆதர்சமாக எடுத்துரைக்கவில்லை. நான் கருத்தில் கொள்வது ஒன்றே: இடம் கொடுத்த அன்றே தன் கடன் தீர்ந்தது என்று அந்த இரு பெண்களும் எண்ணவில்லை, வந்தவரின் வாழ்வு முழுவதுமே தம் பொறுப்பில் வந்துவிட்டதாக எண்ணினார்கள்.

கடவுளுக்கு வரம்பில்லை, மாதரிக்கு இருவர்தான் விருந்தினர், அரசுக்கோ பாதுகாப்பும் பொக்கிஷமும் உண்டு என்று இதற்குப் பதில் சொல்லப்படுகிறது. 1991 மே மாதத்தில் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபின் சுக்கிரீவனின் சந்தேகம் நாடு முழுவதும் பரவியதை மறந்துவிட முடியாது. அதில் நியாயமே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் சந்தேகம் என்பது ஒருவரை ஆராய்வதற்குக் காரணமாகலாம். ஒரு சமூகத்தையே தலைமுறை தலைமுறையாக முடிவின்றிக் காத்திருக்க வைப்பதற்குக் காரணமாகாது.

மதுரை மாவட்டத்தில் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் ஆகிய இடங்களில் ஈழத்தமிழர் முகாம்கள் உள்ளன. திருவாதவூர் மாணிக்கவாசகர் அவதரித்த ஊர். பாண்டியனின் அமைச்சர் பதவியைத் துறந்து, இறைவனிடம் தம்மை ஒப்புவித்து, ‘அடைக்கலப் பத்து’ பாடிய மகான் அவர். அவர் பிறந்த ஊரின் முகாமில் இன்று மூன்றாம் தலைமுறை வளர்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்பது சட்டம். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்கும்படி 2022-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டதும் அந்த நெறிப்படியே. அந்த 1987-ஆம் ஆண்டுத் தேதிக்குப் பின் முகாமில், அகதிகளான தாய்தந்தையர் இருவருக்கும் பிறந்த குழந்தைக்கு அந்த வாயில் அடைபட்டிருக்கிறது. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களை நினைத்தது. இலங்கையிலிருந்து வந்தவர்களை நினைக்கவில்லை. கடலையே கடந்திராத, நம் பள்ளியில் நம் மொழியில் படித்து, நம் வயல்களிலும் கட்டடங்களிலும் உழைக்கும் இந்தப் பிள்ளைகளை எந்த எல்லையில் நிறுத்தி நாம் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்? விரும்புகிறவர் திரும்பிச் செல்லவும் விரும்புகிறவர் இங்கேயே பிரஜையாகவும் வழி செய்யும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்ற வேண்டும். இயற்றும்படி கேட்கும் கடமை, அவர்களோடு ஒரே ஊரில் வசிக்கும் மதுரைக்காரர்களாகிய நமக்கே முதலில் உண்டு.